விரதம் என்று சொன்ன நாட்கள்

அன்பு மகன் முத்தையாவுக்கு, பதுளையில் உன் அக்கா வீட்டிலிருந்து ஆத்தா எழுதுகிறேன்.

தம்பி, உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. இரண்டு தடவை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மூன்றாம் தடவை மருமகனைப் படிக்கச் சொன்னேன். அவர் படித்தபோதும் அது அதையேதான் சொன்னது. அக்காள் அஞ்சலையின் கருமாதிக்கு வரும்போது உன் மகள் பொன்னியையும் கூட்டிக்கொண்டு வருகிறாய். காரியம் முடிந்ததும் அவளை அரிசிக்கடை முதலாளி வீட்டில் பிள்ளை பார்க்க விட்டுவிட்டு நீ மட்டும் தோட்டத்துக்குத் திரும்புகிறாய். பேசி முடித்தாயிற்று, அக்கா வளர்ந்த வீடுதானே, பயமில்லை என்று எழுதியிருக்கிறாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படிக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று மறந்து திரும்புகிறேன். வாசலைப் பெருக்கினேன், பெருக்கிய வாசலையே மறுபடியும் பெருக்கினேன். அஞ்சலை போய் இன்றோடு ஒன்பது நாள். அழ வேண்டியவள் இப்படி அலைகிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

எனக்கு எழுத்து தெரியும் என்பதெல்லாம் பேருக்குத்தான். வேதக்கோயில் உபதேசியாரின் சம்சாரம் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்த எழுத்து. கோணலாக இருக்கும், ஒற்று விட்டுப்போயிருக்கும், நீ சேர்த்துப் படித்துக்கொள். யாரையாவது கூப்பிட்டு எழுதச் சொல்லியிருக்கலாம். ஆனால் இதில் இருப்பது பிறத்தியாரிடம் வாய்விட்டுச் சொல்லக்கூடிய காரியம் இல்லை. தோட்டத்துத் தப்பால்காரர் நேற்று திரும்பும்போதே பதில் கடிதத்தைக் கேட்டார். இன்னும் முடியவில்லை என்றேன். "காயிதம் எழுதுறீங்களா, பாய் முடையுறீங்களா ஆத்தா?" என்று சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறிவிட்டார். இன்று பகல் மறுபடி வருவார். அதற்குள் முடிக்க வேண்டும்.

நீ ஏன் இப்படி முடிவு செய்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அக்காளுக்குக் காய்ச்சல் என்று நான் இங்கே வருகிற வரைக்கும் உன் ஒற்றைக் காம்பராவில்தானே இருந்தேன். உலகத்துச் சண்டை முடிந்து வெள்ளைக்காரன் ஊரில் தேயிலை விலை விழுந்துவிட்டதாம், கிளார்க்கையா சொன்னதாக நீ சொன்னாய். விலை அங்கே விழுந்தது, அடி இங்கே பட்டது. வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை என்றார்கள். அரிசியைக் குறைத்து அளந்தார்கள். நீ சுருட்டை விட்டாய், நல்லதுதான். ஆனால் சுருட்டோடு சிரிப்பையும் விட்டுவிட்டாய். பிள்ளைகள் பக்கத்து வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் நின்றால் அடிக்கிறாய். உன் பெண்சாதி எல்லோருக்கும் போட்டுவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பி நின்றபடி பானையை வழித்துக்கொள்கிறாள். எல்லாம் பார்த்தேன். இதெல்லாம் எனக்குப் புதிது இல்லை, தம்பி. ஒரு தடவை இந்த வழியில் நடந்திருக்கிறேன். எந்த இடத்தில் வழுக்கும் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் உனக்குச் சொல்லாமல் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கோப்பிக் காலம் உனக்கு நினைவிருக்காது. அப்போது உனக்கு நாலு வயது, அஞ்சலைக்கு ஒன்பது. நீ இப்போது தேயிலைக்கு முள்ளு குத்தி மண் கிளறுகிற மலை முழுவதும் கோப்பிதான் நின்றது. பூத்தால் மலைக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்ட மாதிரி இருக்கும். ஒரு வருஷம் இலைக்கு அடியில் மஞ்சள் பொடி கண்டது. தொட்டால் விரலில் ஒட்டும், முந்தானையில் ஒட்டும். மாரியம்மன் மஞ்சள் நீராடிவிட்டாள் என்று பெண்டுகள் நாங்கள் கேலி பேசிக்கொண்டோம். அது கேலி பேசுகிற காரியம் இல்லை என்று தெரிய இரண்டு வருஷம் ஆனது. இலை கொட்டியது, காய் கருகியது. ஆறு நாளும் வேலை இருந்த தோட்டத்தில் மூன்று நாள், பிறகு இரண்டு நாள். விடியக்காலம் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றால், கங்காணி தலையை எண்ணிக்கொண்டே வந்து பாதி வரிசையில் கையை நீட்டி நிறுத்துவார். அந்தக் கைக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு அன்றைக்குப் பேர் உண்டு, கூலி உண்டு. அந்தப் பக்கம் நிற்பவர்கள் லயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். திரும்பி வருகிற முகங்களை நீ பார்த்ததில்லை. உன் அப்பா அப்படி வருகிற நாளில் நேரே வீட்டுக்கு வர மாட்டார். ஆற்றுப் பக்கம் போய் உட்கார்ந்திருந்துவிட்டு, வேலை முடிகிற நேரத்துக்கு வேலை முடிந்தவர் போல வருவார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கையைக் காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

முதலில் எங்கள் வீட்டை விட்டுப் போனது வெற்றிலை. பிறகு எண்ணெய். லயத்துப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் தலை தேங்காய் நார் மாதிரி ஆனது. அதற்கப்புறம் போனது விருந்தாளி. யார் வீட்டுக்கும் சாப்பாட்டு நேரத்தில் போகக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அண்ணன் தம்பி வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்றபடியே பேசி அனுப்பினார்கள். அதற்கு முன்னால் லயத்தில் கதவைச் சாத்துவது சாவுக்கும் பிரசவத்துக்கும்தான். கோப்பி விழுந்த பிறகு சோற்றுக்கும் கதவைச் சாத்தினோம். விறகுக்கு மட்டும் குறைவில்லை. பிடுங்கிப்போட்ட கோப்பி மரம் மலை மலையாகக் கிடந்தது, எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது. எந்த வீட்டுப் பானையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கீழ்க் கிராமத்துச் சிங்கள அம்மா ஒருத்தி பலாக்கொட்டையும் கொஞ்சம் குரக்கன் தானியமும் கொடுத்தாள், அவள் காணியில் நான் புல் வெட்டிக் கொடுத்தேன். அவள் கதவைச் சாத்தவில்லை. நான்தான் சாத்தினேன்.

அந்த நாளில்தான் நான் விரதம் பிடித்தேன். பிடித்தேன் என்றால், சாமிக்காக இல்லை. கஞ்சி நாலு பேருக்குக் காணாது, மூன்று பேருக்குக் காணும். பிள்ளைகள் முன்னால் எனக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை விரதம் என்று ஆரம்பித்தேன். பிறகு செவ்வாய்க்கிழமையும் சேர்த்தேன். அப்புறம் சனி. உன் அப்பாவுக்கு விஷயம் தெரியும். தெரிந்துகொண்டே, "ஒங்க ஆத்தா இப்பிடியே போனா சாமியாயிருவா. நாமதான் தேங்கா ஒடைக்கணும்" என்று சிரித்துவிட்டு, தன் கஞ்சியில் பாதியை என் பக்கம் தள்ளுவார். நான் விரதக்காரி, திரும்பத் தள்ளுவேன். நீ இதொன்றும் அறியாமல் தட்டை நக்கிக்கொண்டிருப்பாய். அஞ்சலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கண் பெரிது, வாய் சின்னது. ஒரு நாள் கேட்டாள்.

"செவ்வாக்கெழமைக்கும் வெரதம், வெள்ளிக்கெழமைக்கும் வெரதம். என்னா ஆத்தா வேண்டிக்கிட்ட?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடுப்பை ஊதுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒனக்காகத்தான் தாயி. நீ நல்லா இருக்கணும்னு" என்றேன். அவள் முகத்தில் அன்றைக்கு வந்த சந்தோஷம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. லயத்துப் பிள்ளைகளிடம் எல்லாம் போய், எங்க ஆத்தா எனக்காகப் பட்டினி கிடக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னாள். நானும் விட்டுவிட்டேன்.

கங்காணி மூலமாகத்தான் பதுளையிலிருந்து சொல் வந்தது. அரிசிக்கடை முதலாளி வீட்டில் கைப்பிள்ளை இருக்கிறது, தூக்கி வைத்துக்கொள்ள ஒரு சிறுமி வேண்டும், சோறும் துணியும் கொடுப்பார்கள், வயது வந்தால் கலியாணமும் செய்துவைப்பார்கள் என்றார். உன் அப்பா இரண்டு நாள் ஆற்றுப் பக்கமே கிடந்தார். மூன்றாம் நாள், "அங்கனயாவது திங்கட்டும்" என்றார், அவ்வளவுதான். உன்னை அனுப்புகிற பேச்சே வரவில்லை, தம்பி. நீ சின்னவன் என்று சொல்லிக்கொண்டோம். ஆம்பிளைப் பிள்ளை என்பதுதான் நிஜம். இதை உன் மனம் நோகச் சொல்லவில்லை, நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிறேன். அவள் போன பிறகு உன் தட்டில் இரண்டு அகப்பை கூடுதலாக விழுந்தது. நீ அதில்தான் பிழைத்தாய். அதனால் அவளை அனுப்பியதே தப்பு என்று என்னால் முழுசாகச் சொல்லவும் முடியவில்லை. ஒன்பது நாளாக இதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் நானும் அஞ்சலையும் கிளம்பினோம். எண்ணெய் இல்லாததால் தண்ணீர் தொட்டுத் தலை வாரிவிட்டேன். பாதி மலை இறங்கினதும், என்னை எதற்கு ஆத்தா அனுப்புகிறாய் என்று கேட்டாள். அழவில்லை, சும்மா கேட்டாள். அவளைத் தேற்றுவதாக நினைத்து ஒன்று சொன்னேன் பார், அதை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"நா இருந்த வெரதம் பலிச்சிருச்சு தாயி. நல்ல வீடு கெடச்சிருக்கு."

அவள் நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள். பதுளை வரைக்கும் முன்னாலேயே நடந்தாள். களைத்துவிட்டாள் போல, வெட்கம் போல என்று நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டுக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். வயிறு நிறையப் போட்டார்கள், கை ஓங்கியதில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். என் சேலை கிழிசல் என்று பக்கத்து வீட்டுச் சேலையைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். கன்னம் சதை போட்டிருந்தது அவளுக்கு. தலையில் எண்ணெய் பளபளத்தது. எல்லோரும் நல்லா இருக்கிறோம், ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன், முதலாளி அம்மா பக்கத்தில் நின்றாள், வேறென்ன சொல்ல. அஞ்சலை உன்னைப் பற்றி மட்டும் கேட்டாள், தம்பி சாப்பிடுகிறானா என்று. நன்றாகச் சாப்பிடுகிறான் என்றேன். "அப்ப சரி. நீங்க போங்க, இருட்டிரும்" என்றாள். பெற்றவளை நீ, வா என்று பேசுகிற பிள்ளை அன்றைக்கு நீங்க, போங்க என்றது. பெரிய வீட்டில் மரியாதை கற்றுக்கொண்டாள் என்று நான் திரும்புகிற வழியெல்லாம் பெருமைப்பட்டேன். என்னைப் போல மடச்சி யாரும் உண்டா?

பிறகு தேயிலை வந்தது. கன்று நட ஆள் போதவில்லை, ஆறு நாளும் பேர் போட்டார்கள். வீட்டில் அரிசி இருந்தது, எண்ணெய் இருந்தது, உன் அப்பா ஒரு பாக்கை முழுசாக வாயில் போட்டார். அப்போது போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். போகவில்லை. பிள்ளை அவளிடம் ஒட்டிக்கொண்டது, விடமாட்டார்கள் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். உண்மை அது இல்லை. கூப்பிட்டு, அவள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் அந்த வாசலில் நான் என்ன செய்வேன் என்ற பயம்தான். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று எட்டு வருஷம் ஓடிவிட்டது. சொன்ன சொல் தவறாமல் கலியாணம் செய்துவைத்தார்கள், கடையில் மூட்டை தூக்கிய நம் மருமகனுக்கு. பெண்ணைப் பெற்ற நான் தாம்பூலம் வாங்கிக்கொண்டு, விருந்துக்கு வந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்தேன். பிறகு பண்டிகைக்கு வந்தாள், போனாள். அப்பா செத்ததற்கு வந்து அழுதாள். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசினதில்லை. கோபமாகப் பேசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

நீ அடக்கத்துக்கு வந்து மறுநாளே வேலைக்கு ஓட வேண்டியிருந்தது. அதனால் இதை உன்னிடம் சொல்ல நேரம் இல்லை, தைரியமும் இல்லை. அக்கா போவதற்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கரண்டி குடித்துவிட்டுக் கையால் தடுத்தாள்.

"ஒன்னு கேக்கணும். என்னைய அனுப்பணும்னு எத்தன நாளு பட்டினி கெடந்த?"

எனக்கு முதலில் புரியவில்லை. காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. செவ்வாயும் வெள்ளியும் சனியும் சாமியிடம் பட்டினி கிடந்து, இந்தப் பிள்ளையை எங்காவது தள்ளிவிடு என்று வேண்டிக்கொண்டவள் நான் என்று அவள் நினைத்திருக்கிறாள். ஒன்பது வயதில் மலை இறங்கும்போது நினைத்ததை, பேரன் பேத்தி எடுக்கிற வயது வரைக்கும் மனதில் வைத்திருக்கிறாள். என் வாயால் சொன்ன இரண்டு சொல்லைச் சேர்த்துப் பார்த்தால் வேறு என்ன வரும்? அவள் கணக்கில் தப்பில்லை.

"வெரதமே இல்லடி அஞ்சல. அரிசி இல்ல," என்றேன்.

கையை ஊன்றிக் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, "அத அன்னைக்கே சொல்லியிருந்தா நானும் ஒங்கூடப் பட்டினி கெடந்திருப்பேனே" என்றாள். மீதிக் கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் நினைவு தப்பிவிட்டது. அதற்கு மறுநாள் போய்விட்டாள்.

தம்பி, இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். உன் பெண்சாதி ஆடியிலிருந்து கார்த்திகை விரதம் என்றாள், பிறகு சஷ்டி என்றாள், அப்புறம் சோமவாரம் என்றாள். பொன்னி வந்து என்னிடம் கேட்டாள், அம்மா என்ன வேண்டிக்கொள்கிறாள் அப்பாயி என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? போய் விளையாடு என்று சொன்னேன். இத்தனையும் அனுபவித்த நான் அந்தப் பிள்ளைக்கு அந்தப் பதிலைத்தான் கொடுத்தேன். மருமகளைக் கோபித்துக்கொள்ளாதே. என்னைப் பார்த்துத்தான் அவள் கற்றுக்கொண்டிருப்பாள். நம் பெண்களுக்கு இல்லாமையைச் சாமி தலையில் வைத்துவிடுவது சுலபமாக வருகிறது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே கூப்பிட்டு உட்காரவைத்து, அரிசி இல்லை பொன்னி, அதுதான் சங்கதி என்று சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பசி தெரியும்போது அரிசி இல்லை என்பதும் சொன்னால் புரியும். கதவைத் திறந்து வையுங்கள். பக்கத்து வீட்டிலும் நாலு நாள் வேலைதான், அவர்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? பலாக்கொட்டை அவித்தால் அவர்களுக்கும் ஒரு கை கொடு. கிழங்கு அவித்தால் அவர்கள் கொடுப்பார்கள்.

நீ கேட்பாய், இதெல்லாம் பேச்சுக்குச் சரி, ஆறு வயிற்றுக்கு நாலு நாள் கூலி எப்படிக் காணும் என்று. அதற்கும் யோசித்துவிட்டேன். உன் வீட்டில் ஒரு வாய் குறைய வேண்டுமானால் அது என் வாய். நான் இனி தோட்டத்துக்கு வரவில்லை. நேற்றே மருமகனிடம் கேட்டேன். "ஒங்க மக வீட்ல இருக்க என்னைய எதுக்குக் கேக்குறீங்க அத்த?" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்கும் ஆக்கிப்போட ஆள் இல்லை. அரிசிக்கடையில் அரிசி புடைக்கப் பெண்டுகளைக் கூப்பிடுகிறார்கள். இன்று காலை போய் நின்றேன். இந்தக் கிழவியால் முடியுமா என்று ஒருத்தி கேட்டாள். முறத்தை வாங்கி நாலு தட்டு தட்டிக் காட்டினேன், பிறகு அவளே நகர்ந்து இடம் கொடுத்தாள். கிடைப்பதில் கொஞ்சம் அரிசியாக உனக்கும் அனுப்புவேன். பொன்னியை அனுப்பமாட்டோம் என்று முதலாளி வீட்டில் நானே சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புத்தான், அதையும் என் தப்புகளோடு சேர்த்துக்கொள். இப்போதிருக்கிற அந்த வீட்டு அம்மாவும் பிள்ளை பெற்றவள், ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

கருமாதிக்கு நீ மட்டும் வா. இல்லை, பொன்னிக்கு அத்தையின் காரியத்தைப் பார்க்க ஆசை என்றால் கூட்டிக்கொண்டு வா, ஆனால் அவளுடைய துணி மூட்டை வரக்கூடாது. மூட்டையோடு கூட்டி வந்தாயானால் ஒன்று தெரிந்துகொள். அன்று விடியக்காலத்திலிருந்து நான் பாலத்தில்தான் நிற்பேன். மலையிலிருந்து வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் கடைத்தெருவுக்குள் வர வேண்டும். மூட்டையைப் பார்த்ததும் பொன்னியின் கையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்குத் திரும்ப நடந்துவிடுவேன். மகள் கருமாதியில் பெற்றவளைக் காணோமே என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும். அஞ்சலை கேட்கமாட்டாள்.

தப்பால்காரர் வந்துவிட்டார்.

ஆத்தா